விட்டு ஆறு வருஷம்

ஊதி முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அறுபத்து மூன்று வயதில், மூக்கில் கிளிப் மாட்டிக்கொண்டு, ஒரு குழாயை இப்படி மாய்ந்து மாய்ந்து ஊத வேண்டியிருக்கிறதே என்று.

மாடியில் துணி காயப்போடப் போனால் மூச்சு வாங்குகிறது. அதற்குத்தான் இவ்வளவு பாடு. பக்கத்து நாற்காலியில் அவள் வீட்டுக்காரர், ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு அடக்கமாக உட்கார்ந்திருந்தார்.

மெஷினிலிருந்து வந்த தாளை டாக்டரம்மா இரண்டு தடவை பார்த்தாள்.

"சண்முகவடிவுதானே? சிகரெட் பழக்கம் உண்டாம்மா?"

"இருந்துச்சு. விட்டு ஆறு வருஷம் ஆச்சு."

பெருமையாகவே சொன்னாள். லேசில் விட்ட பழக்கமா அது? எத்தனை சண்டை, எத்தனை சத்தியம்.

பேனா ஓடியது.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"ஒரு பாக்கெட்டு. தீவாளி பொங்கல்னா ரெண்டு."

"எத்தனை வருஷமா?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து. முப்பத்தெட்டு வருஷம்."

டாக்டரம்மா நிமிர்ந்தாள். மூக்குத்தியையும், நெற்றி நிறைந்த குங்குமத்தையும் பார்த்தாள்.

"கல்யாணத்துக்கு அப்புறம்தான் பழகினீங்களா?"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ஐயையோ, நான் இல்லம்மா! இவுக!"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க ஒரு நிமிடம் ஆனது. கண்ணில் நீர் வந்தது. ஊருக்குப் போனதும் தங்கச்சியிடம் சொல்லிச் சிரிக்க ஒரு விஷயம் கிடைத்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை.

அவருக்கு இப்போது இருமல் கிடையாது. காலையில் மூன்று மைல் நடக்கிறார்.

டாக்டரம்மா எழுதியதைப் புன்னகையோடு அடிக்கப் போனாள்.

"அடிக்காதீங்க டாக்டர்."

அவர் குரல்தான். கரகரப்பு இல்லாமல், சின்னதாக இருந்தது.

"ஒரே ரூம்புதான். ஜன்னலையும் சாத்திருவேன், எனக்குக் குளிரு ஆகாது. அவ சொன்னது சரிதான். அப்படியே இருக்கட்டும்."

பேனா நின்றது.

இதைத்தான் அவர் சொல்லிக் கேட்க அவள் இத்தனை வருடமாக ஆசைப்பட்டாள். சண்டையில் கேட்டிருக்கிறாள், அழுது கேட்டிருக்கிறாள். ஒரு தடவைகூட அவர் வாயைத் திறந்ததில்லை. இன்று, முன்பின் தெரியாத பெண்ணின் முன்னால் சொல்லிவிட்டார்.

அவளுக்கு மனசு நிறைந்துபோயிற்று. அதே நேரம், அவர் அப்படித் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவும் முடியவில்லை.

நாற்காலியைக் கொஞ்சம் அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"எங்க தெருவுல தூசி ஜாஸ்தி டாக்டரம்மா," என்றாள்.