மூக்குடைந்த நந்தி

"ஏங்க, ரோட்டுக்காரங்க வந்துட்டாங்க! அளக்குற குச்சியோட!"

கொளஞ்சியம்மாள் போட்ட சத்தத்தில், டீ வடிகட்டியை அப்படியே போட்டுவிட்டு அரியமுத்து வெளியே வந்தார். ஜெயங்கொண்டம் சாலையை அகலப்படுத்தும்போது ஓரத்துக் கடைகளை எடுத்துவிடுவார்கள் என்று கொஞ்ச நாளாகவே பேச்சு. இவர்களுக்கு இந்த டீக்கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை.

ஸ்கூட்டியை நிறுத்திய இளம்பெண் ஒருத்தி, கடை முன்னால் கிடந்த மூக்குடைந்த கல் நந்தியின் பக்கத்தில் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சிறு குச்சியை நிறுத்தி, கேமராவில் படம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

போன வருஷம் ஏரியில் மண் எடுத்தபோது கிடைத்த நந்தி அது. அரியமுத்துதான் டிராக்டரில் கட்டி இழுத்து வந்தார். டீ கிளாஸ் வைக்கத் தோதான முதுகு.

"சாமின்னா தொட மாட்டாங்க. நீங்க வாயத் தொறக்காதீங்க" என்று கிசுகிசுத்த கொளஞ்சியம்மாள், கிளாஸ்களை அள்ளிவிட்டு மஞ்சளைக் குழைத்து நந்தி மேல் அப்பினாள்.

"ஐயோ அக்கா, மஞ்சள் வேணாம். கழுத்து மணியெல்லாம் மறைஞ்சிடும்."

"நல்லாருக்கே! சாமிக்கு மஞ்சள் வேணாமா? நீ எதுக்கும்மா படம் புடிக்கிற?"

"ஊர் ஊராப் போயி பழைய கல்லு, கோயிலுன்னு எடுக்கிறேங்க்கா."

'நம்பிட்டேன்' என்பது போல் பார்த்தாள் கொளஞ்சியம்மாள்.

அந்தப் பெண் நந்தியை ஒரு சுற்று சுற்றி வந்தாள். "இது வேற எங்கயிருந்தாவது கொண்டாந்து போட்டதாக்கா?"

"அது வந்து, ஏரில..." என்று ஆரம்பித்த அரியமுத்துவின் காலை ஒரு மிதி மிதித்தாள் கொளஞ்சியம்மாள்.

"கொண்டாந்ததா? எங்க மாமனாரோட தாத்தா காலத்துலேருந்து இதே எடந்தான். ஒரு அடி நகரல!"

"நிச்சயமாவா?"

கொளஞ்சியம்மாள் சாமி படத்துக்குக் கீழே இருந்த சூடத்தை எடுத்து வந்து நந்தி முன்னால் கொளுத்தி, உள்ளங்கையால் அடித்து அணைத்தாள். "சத்தியம். போதுமா?"

அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்தது. "அப்ப இந்த எடத்துலயே கோயில் இருந்திருக்கும்க்கா! நான் தொல்லியல் ஆபீஸ்தான். பாதுகாக்கப்பட்ட இடம்னு அறிவிக்கச் சொல்லிடுறேன். ரோட்டுக்காரங்க கிட்டவே வர முடியாது."

கொளஞ்சியம்மாள் புருஷனைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள். "அப்ப எங்க கடைக்கு ஒண்ணும் ஆவாதுல்ல?"

குச்சியைத் துடைத்துப் பைக்குள் வைத்தபடியே அந்தப் பெண் சொன்னாள்:

"சுத்தி நூறு மீட்டருக்கு எந்தக் கடையும் இருக்கக் கூடாதுக்கா."