கன்னிப்போன கன்னம்

டாக்டருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அந்த அம்மாவின் கன்னம் மறுபடியும் கன்னிப்போயிருந்தது. பார்கின்சன் நோய் வந்த கணவர், தூக்கத்தில் கனவோடு மல்லுக்கட்டிப் பக்கத்தில் படுத்திருப்பவளை அடித்துவிடுகிறார்.

“நான் எழுதிக் குடுத்த மாத்திரையை அவருக்குக் குடுக்கறீங்களாம்மா?”

“முதல் வாரம் குடுத்தேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கினார். நிறுத்திட்டேன்.”

டாக்டருக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “அடி வாங்கணும்னு வேண்டுதலா?”

வெளியே கணவர் உட்கார்ந்திருந்த பக்கம் பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள்.

“இந்த நோய் வந்ததுலேருந்து பகல்ல அவர் பேசறது வெறும் முணுமுணுப்பாத்தான் கேக்குது, டாக்டர். கனவுல யாரோ என்னை அடிக்க வர்றாங்க போல. ‘அவ மேல கை வச்சே, தொலைச்சுடுவேன்!’னு அந்தப் பழைய கணீர்க் குரல்ல கத்திக்கிட்டேதான் கையை ஓங்கறார். மாத்திரை போட்டா அந்தக் குரலும் தூங்கிடுது.”