ராக்கியின் காது

பாகம் பிரித்த வீட்டில் நாய் ராக்கி மட்டும் பொது. முற்றத்து வெயிலில் அதன் தலையை மூத்த மருமகள் வள்ளி முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்திருக்கிறாள். இளையவள் இளவரசி காது மடலைத் திருப்பிச் சொட்டுமருந்து விடுகிறாள். சீழ்வாடை குப்பென்று வருகிறது. வள்ளியின் கம்மல் காணாமல் போனதிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை. சொல்ல வேண்டியதை எல்லாம் நாயிடம் சொல்லிக்கொள்கிறார்கள். தறியடியில் கிடந்த பட்டுக் கழிவைத் திரித்துக் காதுக்குள் விடுகிறாள் இளவரசி. அது அழுக்கை உறிஞ்சாமல் வழுக்கி வழுக்கி உள்ளே தள்ளுகிறது. "பாருடா ராக்கி, பட்டு எங்கனா ஈரத்தை இழுக்குமா? நெசவுக்காரன் வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்து இதுகூடத் தெரியல" என்கிறாள் வள்ளி. "பஞ்சைக்கூட பீரோவுல வச்சிப் பூட்டிக்கினா நான் எதைடா திரிக்கிறது?" என்கிறாள் இளவரசி. இடுப்பில் செருகியிருந்த பஞ்சை எடுத்து நாயின் முதுகில் எறிகிறாள் வள்ளி. உள்ளே கணவன்மாரின் தறிச் சத்தம் நின்றுபோகிறது. பஞ்சு பழுப்பாகி, பழுப்பாகி, கடைசியில் இரண்டு காதிலிருந்தும் வெள்ளையாகவே வெளியே வருகிறது. "இப்ப நல்லாக் கேக்குதாடா? கம்மல எடுத்த கைதான் உன் காதுல இருக்குது" என்கிறாள் வள்ளி. இளவரசியின் விரல் அப்படியே நிற்கிறது. ராக்கி தலையை உருவிக்கொண்டு, சுத்தமான இரண்டு காதுகளையும் மண்டையோடு ஒட்ட மடக்கிப் படுத்துக்கொள்கிறது.