பதினோராவது படம்

"பத்து வருஷமா பிளாஷ் அடிக்கறே, கண்ணாடிக்கு நேரா அடிக்கக் கூடாதுன்னு உனக்குத் தெரியாதாம்மா?"

இன்ஸ்பெக்டர் நரைத்த மீசை துடிக்கக் கத்தினார். போலீஸ் போட்டோகிராபர் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

கேக் கடையில் திருட்டு. பூட்டை உடைத்து, க்ரீம் அடிக்கிற மெஷினை எவனோ தூக்கிக்கொண்டு போய்விட்டான். போயும் போயும் அதை!

அக்கா காலையிலிருந்து பம்பரமாய்ச் சுற்றிப் படம் எடுத்திருந்தாள். தரையில் சிந்திக் கிடந்த மாவில் பூட்ஸ் தடம். பிளாஷைக் கழற்றி, தரையோடு தரையாய்ப் பக்கவாட்டில் பிடித்து அடித்தாள் பாருங்கள், தடம் வரி வரியாய் எழுந்து நின்றது. எல்லாப் படமும் பிரமாதம்.

பதினோராவது மட்டும் பாழ். கேக் அலமாரிக்குப் பின்னால் இருந்த பெரிய கண்ணாடியில் பிளாஷ் பட்டுத் தெறித்து, நடுவில் ஒரே வெள்ளை.

"நேத்து வேலைக்கு வந்தவன்கூட இப்படி எடுக்க மாட்டான்! மெமோ குடுத்துடுவேன், ஆமா!"

"தப்புதான் சார்."

இன்ஸ்பெக்டர் அடுத்து கேக் மாஸ்டர் பக்கம் திரும்பினார்.

"இந்தக் க்ரீம் கேக்குல ஒரு மூலையைக் காணோம். வந்தவன் நிதானமா நின்னு தின்னிருக்கான். உன் சட்டையில பாரு, கேக் தூள்! நீதான்யா திருடன்!"

மாஸ்டர் அவசரமாய்ச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

"ஐயோ, நான் கேக் போடறவன் சார்! என் சட்டையில கேக் தூள் இல்லாம சிமெண்டா இருக்கும்? ஜீப்புல ஏத்திட்டா நாளைக்கு எவன் சார் எனக்கு வேலை குடுப்பான்?"

"வாயைப் பாரு! கான்ஸ்டபிள், ஏத்துய்யா இவனை!"

அப்போதுதான் அக்கா நிமிர்ந்தாள்.

"சார், ஒரு நிமிஷம். பதினொண்ணு பாழாப் போச்சுன்னீங்களே, அதே இடத்துல பிளாஷ் இல்லாம எடுத்த பத்தாவது படம் இருக்கு. கண்ணாடிக்குள்ள எல்லாம் பளிச்னு தெரியுது. இவர் கேஸ்ல அதைச் சேர்த்துடட்டுமா?"

காமிராவை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். இன்ஸ்பெக்டர் பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"யோவ், அவரை விடுய்யா! தடம் பூட்ஸ் தடம், இவரு போட்டிருக்கறது ரப்பர் செருப்பு! இதுகூடப் பாக்க மாட்டியா? கேக்கை... கேக்கை எலி தின்னிருக்கும்!"

விட்டால் போதுமென்று மாஸ்டர் உள்ளே ஓடிப்போய் அடுப்புக்குப் பின்னால் நின்றுகொண்டார். கான்ஸ்டபிள் தலையைச் சொறிந்தபடி ஜீப்புக்குப் போனார்.

இன்ஸ்பெக்டரின் குரல் இறங்கியது.

"ஏம்மா... அப்போ அந்தப் பதினொண்ணு..."

"தெரிஞ்சேதான் சார் நேரா அடிச்சேன். கோர்ட்ல எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்களேன்னு. உங்க பசியை நான் பிளாஷ் போட்டு மறைச்சுடுவேன் சார். அதுக்காக அவர் மேல பழி போட்டா, அதை எந்த பிளாஷ் போட்டு மறைக்கறது?"

கான்ஸ்டபிள் காதில் விழுந்ததா என்று அவர் ஜீப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மெமோவை அப்புறம் எழுதிக்கலாம். முதல்ல மீசையைத் துடைங்க சார், நரையோட நரையா இன்னும் க்ரீம் இருக்கு."