ஐந்தாவது குட்டு

"அண்ணி ஒரு சுட்டி அனுப்பியிருந்தாங்களே, பார்த்தீங்களா?" என்றாள் மனைவி.

"பார்த்தாச்சு, போட்டாச்சு" என்றான் அவன், காபியை உறிஞ்சிக்கொண்டே.

காலை ஏழரைக்குள் ஐந்து சுட்டிகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரிக் கருத்து. எட்டு வருடமாக இணையத்தில் அவன் பக்கத்து வழக்கம் இது. அறிவியல், அரசியல், புது போன், புதுப் படம், எதுவும் அவனிடமிருந்து தப்பாது. அந்த ஒரு வரிக்கு வாசகர்கள் வைத்த பெயர் குட்டு. அவனுக்குப் பெயர் குட்டுக்காரர். மோதிரக் கையால் குட்டு வாங்க வேண்டும் என்று, தங்கள் எழுத்தைத் தாங்களே அனுப்பி வைக்கிற ஆசாமிகளும் உண்டு.

பக்கத்தின் உச்சியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தான்: 'நுனிப்புல் மேய்பவர்களுக்கு இங்கே இடமில்லை. முழுதாகப் படித்த பிறகே குட்டு.'

மனைவி அன்றைய ஐந்தாவது குட்டை வாய்விட்டுப் படித்தாள்.

"'வெட்டுக்கிளிகள்: பதினோரு ஆண்டு ஆய்வின் முடிவு.' கீழே நீங்க எழுதியிருக்கறது... 'பதினோரு வருஷம் ஒரு விஞ்ஞானி, எதிரே ஒரு வெட்டுக்கிளி. கிளி எதுன்னு தெரியுது. வெட்டி யாரு?'"

சிரிப்பு வந்தது அவளுக்கு. உடனே அடக்கிக்கொண்டாள்.

"பாவம்ங்க. சொந்த அண்ணன்."

"பேர் போடலையே நான்."

"முழுசாப் படிச்சீங்களா?"

"என்ன?"

அவள் மேஜையைச் சுற்றி அவனுக்கு வலது பக்கம் வந்து, மறுபடி கேட்டாள். இடது காது அவனுக்குக் கேட்காது.

அவனுடைய ஒன்பது வயதில் அண்ணன் விட்ட அறை அது. ரேடியோவைத் திருகி உடைத்துவிட்டான் என்று. ஜுரத்தில் போய்விட்டது என்று வீட்டில் ஊருக்கெல்லாம் சொல்லி மூடி மறைத்தார்கள். அண்ணனும் வாயைத் திறக்கவில்லை. காது போனதைக்கூட அவன் விட்டுவிடுவான். 'நான்தான்டா அடிச்சேன், மன்னிச்சுக்க' என்று ஒரு வார்த்தை வரும் என்று முப்பத்தேழு வருடம் காத்திருந்தான். அந்தக் காத்திருப்பே புளித்துப்போய் வெறுப்பாகிவிட்டது. இப்போதெல்லாம் எங்காவது கல்யாணத்தில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி.

"அவர் வெட்டுக்கிளிக்குத் தாலாட்டுப் பாடினதை எல்லாம் நான் படிக்கணுமா? தலைப்பே போதும்" என்று எழுந்து ஆபீசுக்குக் கிளம்பினான்.

மதியம் சாப்பாட்டு மேஜையில் பார்த்தால் ஐந்தாவது குட்டு தீயாய்ப் பரவியிருந்தது. 'செம குட்டு!' 'வெட்டி ஆபீசர்னு பட்டம் கொடுங்க சார்!' அவனுக்கு வயிறு குளிர்ந்தது. எதிரே உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட், அவனுடைய பரம வாசகர், சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

"எப்படி சார் தினம் அஞ்சையும் படிச்சு முடிக்கறீங்க?"

"பழக்கம்தான்" என்றான் அடக்கமாக.

போன் அடித்தது. அண்ணி. வருடத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டால் அதிசயம். போனை வலது காதுக்குக் கொடுத்தான்.

"தம்பி, உங்க பக்கம் பார்த்தோம்."

"சும்மா தமாஷுக்கு அண்ணி. மனசுல வச்சுக்காதீங்க."

"அது கிடக்கட்டும். படிச்சீங்களா? கடைசி வரைக்கும் படிங்கன்னு எழுதியிருந்தேனே."

இல்லை என்று சொல்ல ஒரு நொடி ஆகாது. டைப்பிஸ்ட் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிக்காம நான் குட்டு வைப்பேனா அண்ணி?"

"முழுசாவா?"

"ஒரு வரி விடாம."

மறுமுனையில் சத்தமே இல்லை. இந்தக் காதும் போய்விட்டதா என்றுகூட நினைத்தான்.

"காலையிலேர்ந்து உங்க அண்ணன் ஒத்தைக்கால்ல நிக்கிறார்" என்றாள் அண்ணி. "தம்பி படிச்சிருக்கவே மாட்டான், படிச்சிருந்தா இப்படி எழுத மாட்டான்னு. நான் சொல்லிடறேன் தம்பி... படிச்சுட்டுத்தான் எழுதியிருக்கார்னு."

வைத்துவிட்டாள்.

பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிப்படிக்குப் போனான். தன் பக்கத்தில் போட்டிருந்த அந்தச் சுட்டியை முதல் தடவையாகத் திறந்தான்.

வெட்டுக்கிளிக்குக் காது தலையில் இல்லையாம், வயிற்றோரமாம். பெருஞ்சத்தத்தில் கெட்டுப்போன காது மறுபடி கேட்குமா என்பதுதான் பதினோரு வருடத்துக் கேள்வி. படங்களும் அட்டவணைகளும் ஓடி முடிந்த பிறகு, கடைசியில் நாலு வரி.

'இந்த ஆய்வில் ஏன் இறங்கினேன் என்று பலர் கேட்கிறார்கள். ஒன்பது வயதிருந்த என் தம்பியின் இடது காதில் அறைந்தவன் நான். ஜுரம் என்று சொன்ன பொய்க்கு உடந்தையாக இருந்தவனும் நானே. நேரில் கேட்க நாக்கு எழவில்லை, அதனால் உலகம் பார்க்க இங்கே கேட்கிறேன். மன்னிச்சுக்கடா.'

அண்ணியைக் கூப்பிட்டான். எடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டான். அண்ணனின் எண் அவனிடம் இல்லை.

குட்டையாவது அழித்துவிடலாம் என்று தன் பக்கத்துக்குத் திரும்பினான். ஐந்தாவது குட்டின் கீழே, அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற கணக்கு இருந்தது.

விருப்பம்: 2,340. கருத்து: 311.

சுட்டியைத் திறந்து பார்த்தவர்கள்: 1.

அந்த ஒருவன் இப்போதுதான் படித்து முடித்திருந்தான்.