முடியாத வீடு

"ஜூன் 10, செவ்வாய். ஞானஸ்நானத்தில் துண்டை நேரத்துக்கு நீட்ட மறந்துவிட்டேன். சிறு தவறு."

இரவு, டைரியில் எழுதியதைப் படித்துப் பார்த்தான். 'நீட்ட மறந்துவிட்டேன்' என்பது உறுத்தியது. அடித்தான்.

மறக்கவில்லை. தையல்காரர் தண்ணீர்த் தொட்டியிலிருந்து நடுங்கிக்கொண்டே ஏறி வந்தபோது துண்டு அவன் பைக்குள்தான் இருந்தது. கைதான் எழவில்லை.

மாலை வேத வகுப்பில் இன்னும் படித்துக்கொண்டிருக்கும் இளம் சபை ஊழியன் அவன். மூன்று வருடமாகப் புதன்கிழமை தவறாமல் அந்தத் தையல் கடைக்குப் போனவன்.

மெஷினுக்கு மேலே அவருடைய சாமி படம். மெஷின்மேல் இவனுடைய வேதாகமம். அவர் மடக்கிக் கேட்டதற்கெல்லாம் வகுப்பில் பதில் தேடி, மறுவாரம் மூச்சிரைக்கக் கொண்டுபோவான்.

எறும்பாய் ஊர்ந்து கல்லைத் தேய்த்தது இவன்.

மூத்த ஊழியர் அந்தக் கடைப்படி ஏறியது ஒரே மாதம். இன்று அவர் கையால் முழுக்கு. இனி அது அவருக்கு முடிந்த வீடு. அடுத்த தெருவுக்குப் போய்விடுவார். ஊழியர்களின் வழக்கம் அது. ஒரு வீட்டை முடித்தவர் அங்கே மறுபடி போவதில்லை.

காதலித்த பெண்ணின் கல்யாணத்தில் பந்தி பரிமாறுகிறவனைப் போலத் தொட்டி ஓரம் நின்றான்.

பரலோகமே மகிழும் நேரம் என்று தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது.

தாடியில் நீர் சொட்ட, தையல்காரர் மூத்த ஊழியரைத் தாண்டி நேரே இவனிடம் வந்தார். இவனால் அடக்க முடியவில்லை.

"என் கையால ஏண்ணே முழுக்கு எடுக்கல?"

அவர் குரலைத் தணித்தார். "நம்பிக்கை எனக்குப் போன வருஷமே வந்தாச்சு தம்பி. உங்க கையால முங்கி எழுந்தா நீங்க வேற தெருவுக்குப் போயிடுவீங்க. புதன்கிழமை நான் யார்கூட சண்டை போடுறது? இப்ப அவருக்குத்தான் நான் முடிஞ்ச வீடு. உங்களுக்கு இன்னும் முடியலல்ல? குளிருது, துண்டைக் குடுங்க."

டைரியில் அடித்ததற்கு மேலே 'நீட்டவில்லை' என்று திருத்தினான். 'சிறு' என்பதையும் அடித்தான்.

பிறகு மறுநாளுக்கான வேலையை எழுதினான்.

"புதன், மாலை ஆறு. தையல் கடை. போன வாரக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. பாதி மட்டும் சொல்ல வேண்டும்."