அப்பனா, மகனா

வெவ்வேறு காலத்து ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன்களைக் கணினியில் இளமையோடு உயிர்ப்பித்து மோதவிடும் டிவி நிகழ்ச்சியில், இன்று பெர்னார்டும் அவர் மகன் ரூபனும். திரையில் இருவருக்கும் இருபத்தாறு வயது. யார் பெரிய ஆள் என்று அவர்கள் ஊரான காசிமேடே இரண்டு கட்சியாகப் பிரிந்து கிடந்தது.

கிழவராகிவிட்ட பெர்னார்டு மனைவி ஜெசிந்தாவோடு வீட்டில் பார்த்துக்கொண்டிருந்தார். ரூபன் ரிங்கிலேயே செத்துப்போனவன். அன்று அவன் விழுந்தபோது, “எழுந்திருடா” என்று ரிங்கின் மூலையில் பயிற்சியாளராக நின்று கத்தியவர் அவர்தான்.

இளம் பெர்னார்டின் குத்தில் ரூபன் சரிந்தான்.

“எழுந்துக்காதடா. அப்டியே படுத்துக்க,” என்றார் கிழவர்.

“இத அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்ல,” என்றாள் ஜெசிந்தா.

ரூபன் எழுந்தான். அவன் எழுந்துவிடுவான் என்றுதான் அவனுடைய பழைய சண்டைகளிலிருந்து இயந்திரம் கற்றிருந்தது. இன்னும் தகப்பனாகாத அந்த பெர்னார்டு, கையை ஓங்கிக்கொண்டு அவனை நோக்கி வந்தான்.